எஃப்1 என்று ஒட்டிய டப்பா

அன்பு மகளுக்கு,

என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்பா புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து வீட்டில் ஒட்டடை இருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார், துடைப்பதுதான் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. நீ விட்டுப்போன அந்துப்பூச்சிகள் நன்றாக இருக்கின்றன என்று மூன்று கடிதமாக எழுதினேனே, அது பொய். நீ காட்டில் பிடித்த தாயின் பிள்ளைகள் எஃப்1, அவற்றின் பிள்ளைகள் எஃப்2 என்று நீ சொன்னபடி டப்பாவுக்கு டப்பா லேபிள் ஒட்டினேன், மருந்துக்கடையில் முப்பது வருடம் ஒட்டிய கை அல்லவா. ஆனால் ஒவ்வொரு முறையும் அண்ணன் தங்கையையே ஜோடி சேர்த்துக்கொண்டு போனதில் எஃப்4 வந்தபோது பாதி முட்டை பொரியவில்லை, வந்ததிலும் பல இறக்கை சுருங்கிக் கிடந்தன. வேறு ரத்தம் வேண்டும் என்று, நம்மைப் போலவே இந்தப் பூச்சி வளர்க்கும் கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டேன், அவர் கொடுத்த டப்பாவில் எஃப்1 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. காட்டுத் தாயின் பிள்ளைகள் என்று சந்தோஷமாக நம் எஃப்4-ஓடு சேர்த்து வைத்தேன். பொரிந்ததே ஒன்பது புழு, கூடு கட்டி வெளியே வந்தது ஒரே ஒரு பெண். அப்போதுதான் அவருக்குப் போன் செய்து தாய் எங்கே பிடித்தது என்று விசாரித்தால், "பிடிக்கறதா? போன வருஷம் நீங்க குடுத்த முட்டைதாம்மா. எங்க வீட்ல பொரிச்ச முதல் பேட்ச், அதான் எஃப்1னு போட்டேன்" என்கிறார். சம்பந்தம் பேசப் போய் நம் வீட்டுக் கதவையே தட்டியிருக்கிறேன். கோபமும் வந்தது சிரிப்பும் வந்தது.

வாயே இல்லாத பூச்சி, ஒரு வாரம்தான் ஆயுள். உன் பூச்சி வம்சம் என் கையிலேயே முடியப்போகிறது என்று அப்பாவிடம் புலம்பினேன். அப்பாதான் அந்த ஒற்றைப் பெண்ணை வலைக்கூண்டில் வைத்து மாடிக் கம்பியில் தொங்கவிட்டார். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் கூண்டின் வெளிப்பக்கம் ஓர் ஆண் ஒட்டிக்கொண்டிருந்தது, எங்கிருந்து வந்ததோ, பெண்ணின் வாசனை பிடித்தே வந்திருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே விட்டோம். இதுவும் நம்ம பொண்ணு மாதிரிதான், மாப்பிள்ளையைத் தானே வரவழைச்சிடுச்சு என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நூற்று நாற்பது முட்டை. இன்று காலை முதல் பொரிகின்றன, நூறு வரை எண்ணிவிட்டேன். "தாய் நம் வீட்டு எஃப்5, தகப்பன் காடு" என்று முழுதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், வெறும் எண்ணை இனி நம்பமாட்டேன். ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். நீ திரும்பி வரும்வரை காப்பாற்றி வைக்கச் சொன்னாய். இதுவும் இல்லாமல் போனால் நீ வருவதற்கு ஒரு காரணம் குறைந்துவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

இருவரும் நோய் நொடி இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. இவை கூடு கட்டிப் பூச்சியாக வெளியே வர ஏழெட்டு வாரம் ஆகும். வா என்று நான் சொல்லவில்லை, விடுப்பு கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பார்.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா