உன் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டை அழித்துவிட்டேன்

கோபப்படப் போகிற என் சவரி அண்ணாவுக்கு,

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ எழுதிய தொடக்கத்தை அழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

நீ யாரென்று தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

தவளக்குப்பத்தில் ஒரு கடையில் நீ லேப்டாப்பும் செல்போனும் பழுது பார்த்தாய். ஒதியம்பட்டு வீட்டுக்கு வந்ததும் சொந்தமாக ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதினாய். யாரும் கேட்கவில்லை. சிட்டிகை என்று பெயர் வைத்தாய். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

சிட்டிகை பிறந்தது நம் மாதா கோயிலில். பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவதற்கு ஒரு பழைய லேப்டாப் இருந்தது. கடையில் யாரோ விட்டுவிட்டுப் போனது. பேட்டரி செத்தது. பாட்டின் நடுவில் கரண்ட் போகும், உடனே வரும். ஆனால் லேப்டாப் விழித்து, யோசித்து, வரவேற்று, பாட்டைத் தேடி எடுப்பதற்குள் பூசையே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். ஸ்டீபன், உன் கூட்டாளி ஸ்டீபன்தான், பேட்டரி போட்ட கீபோர்டில் ஒரே இசைத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பான். கல்யாணத்தில் பெண் வரத் தாமதமானால் வாசிப்பார்களே, அப்படி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாய்: "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வரணும்டி பிலோ. இல்லன்னா ஜனம் செல்ல எடுத்துரும்."

அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் எல்லாம்.

சிட்டிகையில் சேமிக்கும் கட்டளை கிடையாது. ஒரு விசையைத் தட்டினால் அந்தத் தட்டு அப்போதே ஹார்டு டிஸ்க் வட்டில் பதிந்துவிடும். கரண்ட் போய் வந்தால் விட்ட வரியில், விட்ட எழுத்தில் நிற்கும். மவுஸ் கிடையாது. இணையம் கிடையாது. அணைக்கும் கட்டளையும் கிடையாது. எப்படி அணைப்பது என்று கேட்டேன். "புடுங்கு" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நிறுவுவதும் அப்படித்தான். பென்டிரைவைச் செருகினால் கறுப்புத் திரையில் மூன்றே கேள்விகள். எந்த விசைப்பலகை? எந்த வட்டு? அதில் இருப்பதை அழிக்கலாமா? கடைசிக் கேள்விக்கு எந்த விசையையாவது தட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. 'அழி' என்று முழுசாக எழுத வேண்டும். உள்ளேயும் அதே விதிதான். ஒரு கோப்பை நீக்க 'அழி' என்றும் அதன் பெயரையும் நம் கையால் எழுத வேண்டும். குப்பைத்தொட்டி கிடையாது. முடிந்ததும் 'ஆச்சு' என்று ஒரு சொல் வரும். உலை இறக்கும்போது அம்மா சொல்கிற ஆச்சு.

திரையில் தெரியும் எழுத்துகளை வரைவதை என்னிடம் விட்டாய். நான் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். "தமிழ்தான படிக்கற, எழுத்து போடு" என்றாய். கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தாகக் கறுப்பு அடித்தேன். ழவின் கால் சரியாக வரவில்லை. இன்னும் வரவில்லை.

நீ பெருமைப்பட்டது வேறொன்றுக்கு. பழைய கணினி விழித்ததும் வட்டின் தலையிலிருந்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டை மட்டும்தான் படிக்கும். மொத்த சிட்டிகையும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு பைட்டாகப் பொறுக்கினாய். கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதில் என்ன போடப் போகிறாய் என்று கேட்டேன். "காலியா இருக்கட்டும். அழகா இருக்குது."

அந்தக் கோப்புக்குத் தொடக்கம் என்று பெயர் வைத்திருந்தாய்.

கோயிலில் சிட்டிகையை ஓட்டியது அம்மா. உனக்குத் தெரியும், அம்மாவுக்குப் பாட வராது. ஆனால் வரி எப்போது மாறும் என்று தெரியும். கீழே போகிற விசையை ஒரு தட்டு, அடுத்த வரி. பிரசங்கம் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். கோயில் கரண்ட் சும்மாவா வருகிறது என்பாள். பிரசங்கம் முடியும்போது செருகுவாள். அதே வரியில் நிற்கும். அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே கிடையாது. எல்லாக் கணினியும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இனி உனக்குத் தெரியாதது.

பிரான்சில் இருக்கும் ஒரு குடும்பம் நம் கோயிலுக்குப் புது லேப்டாப் வாங்கித் தந்தது. நான் பென்டிரைவைச் செருகினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் செருகினேன். புதுக் கணினிகள் அந்த ஐந்நூற்றுப் பன்னிரண்டைப் படிப்பதையே விட்டுவிட்டன. நீ அவ்வளவு பாடுபட்டுச் செதுக்கிய வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். கேட்காமல்.

ஸ்டீபன் இரண்டு முடிவுகள் எடுத்து வைத்திருந்தான். புது லேப்டாப்பில் அது கொண்டுவந்த சிஸ்டமே இருக்கட்டும். பழைய லேப்டாப்பைப் பாடகர் குழு உட்காரும் மூலையில் உன் படத்துக்குக் கீழே வைக்கலாம். ஜிகினா மாலைகூட வாங்கிவிட்டான். பெரியதாக ஒன்று உனக்கு, சின்னதாக ஒன்று லேப்டாப்புக்கு.

"புதுசுல பேட்டரி நிக்குது பிலோ" என்றான். "கரண்ட் போனா இன்னா இப்ப? சவரி இன்னாத்துக்கு எழுதுனானோ அந்தப் பிரச்சினையே இல்ல."

அவன் சொன்னது உண்மைதானே? அன்பாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

குருத்து ஞாயிறு வந்தது. ஓலையோடு ஊர்வலம் சுற்றிவிட்டு எல்லோரும் உள்ளே வந்தோம். பாட்டு தொடங்கி இரண்டாவது வரியில் திரை நீலமானது. புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்கள் என்றது. கீழே சதவீதம் ஏறியது. பாட்டு நின்றுவிட்டது. கையில் ஓலையோடு மொத்தக் கோயிலும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஃபாதரும் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் அதையும் பாட்டு என்று நினைத்து வாயசைத்ததாக ஸ்டீபன் பிறகு சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ எழுதியது கரண்டுக்காக மட்டும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நாம் கேட்காமல் எதுவும் செய்யாத ஒரு கணினி. அதற்காக. நீ ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றுகூட உனக்குத் தோன்றியிருக்காது.

பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போனேன். புது லேப்டாப்பில் சிட்டிகையை ஏற்றித் தருகிறேன் என்றேன். அவர் ஸ்டீபனைப் பார்த்தார். ஸ்டீபன் என்னைப் பார்த்தான். உன் முதலாண்டு நினைவுப் பூசையில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓடினால் சிட்டிகை. நின்றால் பழையது படத்துக்குக் கீழே, புதியது அதன் போக்கில். பேச்சு முடிந்தது.

வெளியே வந்ததும் ஸ்டீபன் குரலைத் தாழ்த்தினான். "நீ எழுத்து போட்டவ. அவன் எழுதுனதுல கைய வெக்காத, சொல்லிட்டேன்."

வைத்தேன்.

பல்கலைக்கழகத்தில் கவிதைக்கு உரை எழுதப் பழகியிருந்தேன். உன் நிரலில் உரையே கிடையாது. ஒரே ஓர் இடத்தில் 'இது ஏன் வேலை செய்யுதுன்னு தெரியல, தொடாத' என்று எழுதியிருந்தாய். அதையும் தொட்டேன். நின்றது. திரும்ப எழுதினேன். ஓடியது. ஏன் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன்.

திரைக்குப் புது வழி, வட்டுக்குப் புது வழி, விழிப்பதற்குப் புது வாசல். உன் நிரலைப் படித்துப் படித்தே நிரல் எழுதக் கற்றேன்; கோடையெல்லாம் இதே வேலை. பாதி நாள் ஒன்றும் வராத கறுப்புத் திரை. உன்மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போக உன்னால் எப்படி முடிந்தது?

கடைசியில் உன் தொடக்கமும் என் வாசலும் அருகருகே இருந்தன. இரண்டையும் வைத்துக்கொள், பழையதுக்கு அது, புதியதுக்கு இது என்றான் ஸ்டீபன். வைக்கலாம். நீ இருந்தால் வைக்கலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு தடவை செய்ய என் ஒருத்தியால் ஆகாது. இரண்டையும் காப்பாற்றப் போனால் இரண்டும் போகும்.

மத்தியானம். அம்மா பக்கத்தில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். உன் விதிப்படி முழுசாக எழுதினேன்.

அழி தொடக்கம்.

ஆச்சு என்றது.

"இன்னாடி அழுவற?" என்றாள் அம்மா. அழவில்லை என்றேன். அவள் செதிலைத் தட்டில் உதறினாள். "அழுதுட்டு வேலயப் பாரு."

பார்த்தேன்.

ஒன்று மட்டும் சோதிக்கவில்லை. புது லேப்டாப்பில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். அணையவில்லை, பேட்டரி. ஸ்டீபன் சொன்னது சரி, இனி அது தேவையில்லை என்று நானும் விட்டுவிட்டேன். தட்டுக்குத் தட்டு வட்டில் பதிகிற உன் பகுதியை நீக்கவும் இல்லை, புது வட்டில் அது பிழைக்கிறதா என்று பார்க்கவும் இல்லை. உன்னோடு வாதாடி வாதாடி, அந்த ஓர் இடத்தில் உன்னைக் கைவிட்டிருந்தேன்.

நினைவுப் பூசை. படம். பெரிய மாலை. சின்ன மாலையை ஸ்டீபன் கீபோர்டின் மேல் தயாராக வைத்திருந்தான். வருகைப் பாட்டு ஓடியது. அல்லேலூயா ஓடியது. ழ நொண்டிக்கொண்டே வந்தது.

பிரசங்கம் தொடங்கியது. அம்மா எப்போதும் போலக் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரையைப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது. மறுபடியும் பிளக்கைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பின் பொத்தானைக் கண்டுபிடித்து, கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அணையும் வரைக்கும் எடுக்கவில்லை.

ஸ்டீபன் பாதி எழுந்துவிட்டான். நான் நடுவரிசையில் இருந்தேன். போக முடியாது, ஃபாதர் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று கேட்காதே. கறுத்துக் கிடந்த அந்தத் திரை மட்டும்தான் தெரிந்தது.

பிரசங்கம் முடிந்தது. அம்மா பிளக்கைச் செருகினாள். வெளிச்சம் வரவில்லை. பொத்தானை அழுத்தினாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டீபன் அந்தப் பழைய துண்டை, பெண் வருகிற துண்டை, ஒரு தடவை வாசித்தான். இரண்டாவது தடவை தொடங்குவதற்குள் அல்லேலூயாவின் கடைசி வரி வந்து நின்றது. விட்ட இடம். அம்மா ஒரு தட்டுத் தட்டினாள். காணிக்கைப் பாட்டு.

ஜனம் செல்லை எடுக்கவில்லை, அண்ணா.

அந்தப் பிரச்சினையே இல்லை என்றார்களே. இருந்தது. முன்வரிசையில், வெள்ளைப் புடவையில், பிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எத்தனை பேட்டரி வந்தாலும் அம்மா மாறப் போவதில்லை. கணினிதான் அவளுக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும். நீ எழுதியதெல்லாம் அதைத்தானே?

பூசை முடிந்து ஒயர்களைச் சுற்றும்போது ஸ்டீபன் வந்து நின்றான். சின்ன மாலையைச் சட்டைப் பைக்குள் திணித்திருந்தான். பாதி வெளியே தொங்கியது.

"ழ நொண்டுது" என்றான்.

"தெரியும்."

கொஞ்ச நேரம் ஒயரைச் சுற்றினான். "இதுக்கு ஷட்டவுன் மட்டும் எப்பவும் போட்டுராத, பிலோ."

பழைய லேப்டாப்பைப் பாகூரில் டியூஷன் எடுக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். உன் தொடக்கம் அங்கே ஓடுகிறது. பிள்ளைகள் பிடுங்கிப் பிடுங்கி ஓட்டுகிறார்கள். ஒருநாள் அது சாகும். அதற்கு நான் மாலை வாங்க மாட்டேன்.

இணையத்தில் நீ சிட்டிகையைப் போட்டு வைத்த இடத்தில், முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். இத்தோடு மூடி, உன் நினைவாக, யாரும் எதையும் மாற்ற முடியாதபடி வைத்துவிடலாமாம். நல்ல மனசு. முடியாது என்று பதில் போட்டேன். காரணம் கேட்டார். இந்தக் கடிதத்தை அனுப்பப் போகிறேன்.

இன்னும் மாற்றுவேன். ழவின் காலைச் சரி செய்வேன். நீ வேண்டாம் என்று வைத்த இணையத்தையும் ஒருநாள் கொண்டுவருவேன், சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன். நீ எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சாத நாள் வரலாம். வந்தால் வரட்டும். அன்றைக்கும் சிட்டிகை யாரும் கேட்காமல் எதையும் செய்யாது. அன்றைக்கும் யார் வேண்டுமானாலும் அதைப் பிடுங்கலாம். விட்ட வரியில் வந்து நிற்கும். இது என் வாக்கு.

கோபம் இருந்தால் வந்து சண்டை போடு.

எழுத்து போட்டவள்,
உன் தங்கச்சி பிலோ
ஒதியம்பட்டு