கோழிக்குப் போட்ட ஈசல்

14 ஒக்டோபர் 2009, புதன்

நாவிதன்வெளியிலிருந்து பாக்கியம் இன்று மழையோடு வந்தாள். புற்றிலிருந்து கிளம்பிய ஈசலைப் பிடித்து, அரிசியோடு வறுத்து, ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

“பயப்படாமத் தின்னுங்க டீச்சர். உங்களுக்கெண்டு வாங்கின சட்டியிலதான் வறுத்தன்.”

சுனாமிக்குப் பிறகு நாங்கள் அவள் வீட்டில் தங்கிய இரண்டு கிழமையும் அந்தப் புதுச் சட்டியில்தான் எங்களுக்குத் தனியாகச் சமைத்தாள். சட்டி வேறென்றால் எதையும் நாங்கள் தின்னலாம் என்று நினைத்திருக்கிறாள். எங்கள் மார்க்கத்தில் வெட்டுக்கிளி ஹலால், ஈசல் ஹராம் என்று போத்தலை நீட்டியபோதே சொல்லியிருக்கலாம். சொன்னால் விளங்காதவளா அவள்? நானோ, “பிறகு தின்னுறன் புள்ள” என்று சிரித்து வைத்தேன்.

அவள் படலையைத் தாண்டியதும் முற்றத்தில் கொட்டினேன். கோழிகள் ஒன்றோடொன்று அடிபட்டுத் தின்றன. மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தவள் பார்த்துவிட்டாள்.

“கோழிக்கெண்டு சொல்லியிருந்தா வறுக்காமலே தந்திருப்பனே, டீச்சர்.”

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெறும் போத்தலாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. எதைப் போட்டுக்கொண்டு போய் அவள் முகத்தில் விழிப்பது?