அவன் தனியாகவே நெய்தான்

நவம்பர் 19

"பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு இலக்கியக் கோட்பாடா மேடம்?" பக்கத்து செக்‌ஷனுக்கு என்னைப் போலவே ஆங்கிலம் எடுக்கும் சாமுவேல் சார் சிரிக்கிறார். பெரிய பெயர் எதையும் நான் சொல்வதே இல்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன்: இந்தக் கதை யாரைச் சொல்லாமல் விட்டிருக்கிறது?

இன்று பாடத்தில், ராஜா கேட்ட பட்டுச்சேலையை நெய்த நெசவாளியின் கதை. வருஷம் முழுக்கத் தன்னந்தனியாக நெய்தானாம். ஜீவிதா எழுந்தாள்.

"மிஸ், சேலை உடல் ஒரு கலரு, ரெண்டு கரையும் வேற கலருன்னு போட்டிருக்குது. அத்த ஒத்த ஆளு நெய்ய முடியாது. எங்க வூட்ல அப்பா நெய்வாரு, அந்தாண்ட கரைக்கு அம்மா ஒக்காந்துக்கினு நூலு சுத்துன நாடாவத் தள்ளுவாங்க. இவன் பொண்டாட்டி எங்க போனா?"

வகுப்பே சிரித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதற்காகத்தானே வாத்தியார் வேலைக்கு வந்தேன்!

டிசம்பர் 12

அரையாண்டுத் தேர்வு. அதே கதை. 'தனியாக உழைத்த நெசவாளியிடமிருந்து நாம் கற்பது என்ன?' ஜீவிதா வெளியே வந்ததும் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் ஆன்ஸர் கீயைப் புரட்டினேன்.

ஜனவரி 3

ஜீவிதாவுக்கு முப்பத்திரண்டு. ஃபெயில்.

விடைத்தாள்களை மாற்றிக்கொண்டுதான் திருத்துவோம். அவளுடையது சாமுவேல் சாரிடம் போனது. 'அவன் தனியாக இல்லை' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். ஐந்துக்கு சைபர்.

"நல்லாத்தான் எழுதியிருக்குது மேடம். ஆனா ஆன்ஸர் கீயில இல்லையே. பப்ளிக்ல யாரு மார்க் போடுவாங்க?"

சண்டை போடத்தான் போனேன். விடைத்தாளை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மனுஷன் சொல்றது நிஜம்தானே, சே.

ஜனவரி 6

ஜீவிதாவின் அம்மா காவேரி வந்திருந்தார். இன்னொரு தடவை ஃபெயிலானால் ஸ்கூலை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லிவிட்டாராம்.

அந்தப் பதிலைத் தமிழில் படித்துக் காட்டினேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன் — என்ன பைத்தியக்காரத்தனம்! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். அப்புறம் சொன்னார்:

"மார்க்கு வர்ற மாதிரி எழுதச் சொல்லும்மா. கதையில நான் இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா? பொண்ணு படிக்கணும்மா."

"சரிம்மா" என்றேன். வேற என்ன சொல்ல?

ஜனவரி 7

ஜீவிதாவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப நீங்க சொல்லிக்குடுத்தது தப்பா மிஸ்?"

"தப்பில்லை. பரீட்சையில மட்டும் வேணாம்."

"அப்புறம் எங்க மிஸ் எழுதறது?"

பெல் அடித்ததும் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 21

கை தூக்குவதை நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரி 4

திருப்புதல் தேர்வு. இந்த முறை அவரவர் வகுப்பை அவரவரே திருத்துகிறோம். அதே கேள்வி வந்திருக்கிறது. ஜீவிதா ஆன்ஸர் கீயில் உள்ளதை ஒரு கமாகூடப் பிசகாமல் எழுதியிருக்கிறாள். அவன் தனியாகவே நெய்தான், அதனால் உயர்ந்தான்.

ஐந்துக்கு ஐந்து போட்டேன். பக்கத்தில் 'குட்' என்றும் எழுதினேன்.