முள்ளியேந்தல் கீழத்தெரு மயானத்தில் எடுக்கப்பட்ட திருமணப் படங்கள்

அனுப்புநர்:
பூ. மாரீஸ்வரன் (வயது 24),
த/பெ பூமிநாதன் (காலமானார்),
கீழத்தெரு, முள்ளியேந்தல்,
சிக்கல் வழி, ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ராமநாதபுரம்.

பொருள்: என் தாயாரின் அஸ்தி கண்மாயில் தள்ளப்பட்டது – கீழத்தெரு மயானத்தை வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் தாயார் ராக்குவின் எலும்புகளைத் திருமணப் படம் எடுக்க வந்தவர்கள் கூட்டித் தள்ளினார்கள். அந்த இடத்தை அவர்களுக்குக் காட்டியவன் நான். அதைத் தரிசு என்று எழுதி வைத்திருப்பவர் எங்கள் கிராம நிர்வாக அலுவலர்.

2. நான் ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளனாக இருந்தேன். கல்யாணத்துக்கு முன் எடுக்கும் படங்களுக்கு இடம் தேடுவது என் வேலை. ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது, அழகாக இருக்க வேண்டும், யாரிடமும் அனுமதி கேட்கும்படி இருக்கக் கூடாது. தனுஷ்கோடியில் கூட்டம். தொண்டியில் வலை காயப்போட்டவர்கள் விரட்டினார்கள். அக்காள்மடத்தில் கிடைத்த தோப்புக்கு இரண்டே வாரத்தில் வேலி வந்துவிட்டது. கடைசியில் எங்கள் கண்மாய்க் கரையைச் சொன்னேன். வெள்ளை மணல், வரிசையாகப் பனை, மாலையில் கொக்குகள். அது எங்கள் தெருச் சுடுகாடு என்று சொல்லவில்லை. சொன்னால் நான் எந்தத் தெரு என்பதும் தெரிந்துவிடும். ஏழு ஜோடிகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். முன்னதாகவே போய், எரிந்த தடத்தை மணல் போட்டு மூடி வைப்பேன்.

3. ஊர்ச் சுடுகாட்டுக்குக் கூரை உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு, சுற்றுச்சுவரும் உண்டு. அங்கே எங்கள் பிணங்களுக்கு இடமில்லை. கண்மாய்க் கரையை மயானமாகப் பதியக் கேட்டு எங்கள் தெருவினர் கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று மனுக்கள் கொடுத்துள்ளனர். பதில் இல்லை.

4. 03.02.2025 அன்று மிளகாய்க் காட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்த அம்மா மயங்கி விழுந்து இறந்தார். பிற்பகலில் எரியூட்டினோம். கொள்ளி வைத்தால் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும், மறுநாள் பால் தெளிக்கும் வரை அங்கே யாரும் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எனவே காவலுக்கு ஆள் இல்லை. மறுநாள் அதே இடத்தில் ஒரு ஜோடிக்குப் படப்பிடிப்பு. நாள் குறித்தவனும் நான்தான். வழக்கமாக மாலை வெயிலுக்குத்தான் போவோம், அதற்குள் எலும்பை அள்ளிவிடலாம் என்று முதலாளியிடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

5. கேமராக்காரர் காளிராஜ் விடியற்காலை வெளிச்சத்துக்கே போய்விட்டார். பிறகு என்னிடம் அவர் சொன்னது: “யாரோ ஓலையக் கொளுத்திப் போட்டுருக்காங்கன்னு நெனச்சேன் மாப்ள. பொகை சும்மா பனி மாதிரி வந்து விழுந்துச்சு. விட மனசு வரல.” புகையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். புகை அடங்கியபின், வெள்ளைக் கவுனுக்குப் பின்னால் சாம்பல் மேடு அசிங்கமாகத் தெரிந்ததாம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, பனை மட்டையால் கண்மாய்க்குள் தள்ளிவிட்டார்கள்.

6. எட்டு மணிக்குப் பாலும் புதுக்கலயமுமாக நாங்கள் போனோம். என் அக்கா பூங்கோதை ஈர மணலைக் கையால் பறித்துப் பார்த்துவிட்டு, “ஏலே, அம்மா எங்கனடா?” என்று கேட்டார். இடுப்பளவு நீரில் மதியம் வரை துழாவினோம். கரித்துண்டுகளும் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவும் கிடைத்தன. அந்தப் படங்கள் இப்போது இணையத்தில் உள்ளன. இது எந்த இடம் என்று கேட்பவர்களுக்கு, ‘அமைதியான இடம், அனுமதி தேவையில்லை’ என்று ஸ்டுடியோ பதில் எழுதுகிறது.

7. கிராம நிர்வாக அலுவலரிடம் முறையிட்டேன். “ரெக்கார்டுல அது தரிசு தம்பி. தரிசுல எவனும் போட்டோ எடுக்கலாம். அங்கன பொணத்த எரிச்சீங்க பாரு, அதுக்குத்தான் கேஸு போடணும்” என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம்.

8. ஆகவே அந்த இடத்தை மயானமாகப் பதிய வேண்டும். படங்களை நீக்க உத்தரவிட வேண்டும். காளிராஜ் மீது வழக்குப் பதிவதாக இருந்தால் என் பெயரை முதலில் சேர்க்க வேண்டும்.

நாளை பதினாறாம் நாள். சேதுக்கரைக்குப் போக வேன் சொல்லியாகிவிட்டது. அங்கே கடலில் கரைக்க நாங்கள் எதைக் கொண்டுபோவது என்பதை இன்று மாலைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பூ. மாரீஸ்வரன்

இடம்: ராமநாதபுரம்
நாள்: 17.02.2025