நிறுத்திவைத்த மடல்கள்

காரைக்குடி
10.2.2025

அன்புள்ள பிரகாஷ் அண்ணனுக்கு,

ஆன் மேரி எழுதுவது. தோஹாவில் அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பொறுப்பை என்னிடம் விட்டு நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டு வேலை செய்கிறது. நம் ஊர்ச் சங்கத்து மெயில் லிஸ்டின் வெப் பக்கம் திறக்கவே இல்லை. இனி கருப்புத் திரையில் கமாண்ட் அடித்துத்தான் லிஸ்டை நடத்த வேண்டும். எனக்கு அதுவே வசதி. இன்று சாப்பாட்டு நேரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரி லேப் காலியாக இருந்தது. உறுப்பினர்களைக் காட்டு என்று ஒரே ஒரு வரி அடித்தேன். அண்ணே, 1,163 பேர் மளமளவென்று இறங்கினார்கள்! மஸ்கட்டில் இருப்பவர், பினாங்கில் இருப்பவர், ஓசூரில் லாரி ஓட்டுபவர். திருவிழா நோட்டீஸில் மேலத்தெரு முடிந்துதான் கீழத்தெரு வரும். இங்கே வெறும் எழுத்து வரிசை. சங்கச் செயலாளருக்கு அடுத்த வரியில் எங்கள் அப்பா சூசைமரியான். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு நான் இதைச் செய்வது பிடிக்கவில்லை. "ஒங்க அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ரத்தம் கேட்டு இந்த லிஸ்ட்லதானடி எழுதுனேன். ஒருத்தனாச்சும் பதில் போட்டானா? அந்த ஊருக்கா சம்பளமில்லாம ஒழைக்கிற?" என்கிறார். பத்து வருடமாக அவர் திருவிழாப் பக்கமே போகவில்லை. ஊர் அப்படிக் கல் நெஞ்சு இல்லை என்று அவருக்குக் காட்ட எனக்கு ஆசை. உங்களை மாதிரி ஆட்களும் அந்த ஊரில்தானே பிறந்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். சில பெயர்களில் ‘நிறுத்திவை’ என்று குறி இருக்கிறது. அவர்கள் எழுதினால் லிஸ்டில் உள்ள எல்லாருக்கும் போகாமல் சர்வரிலேயே நின்றுவிடும். எழுதியவருக்கே தெரியாது. 214 பேர். அத்தனை பேரும் எங்கள் கீழத்தெரு. இது என்ன அண்ணே?

அன்புத் தங்கை
ஆன் மேரி


தோஹா
12.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீ கேட்டதால் மறைக்காமல் சொல்கிறேன்.

2012இல் உங்கள் தெரு ஆள் ஒருவர், கல்லறைத் தோட்டத்தில் இரண்டு தெருவையும் பிரிக்கும் குறுக்குச் சுவரை எப்போது இடிப்பீர்கள் என்று லிஸ்டில் கேட்டார். பெரிய சண்டை. செயலாளர் எனக்குப் போன் போட்டு, "அந்தாள ஒரு வாரத்துக்கு நிப்பாட்டி வைப்பா" என்றார். உனக்குத் தெரியும், திருவிழாவுக்குக் குடும்பவாரியாகப் பிரிக்கும் தலைக்கட்டு வரி நோட்டு தெருவுக்கு ஒன்று. நான் அந்த இரண்டு நோட்டையும் இரண்டு ஃபைலாகத்தான் ஏற்றியிருந்தேன். ஒரு ஆளைத் தேடி எடுப்பதைவிட இரண்டாவது ஃபைலுக்கே கமாண்ட் அடிப்பது சுலபமாக இருந்தது. அடித்தேன். ஒரு வாரம் கழித்து எடுக்க மறந்துவிட்டேன். மடல் நிற்கும்போதெல்லாம் எனக்கு அறிவிப்பு வரும். தொல்லையாக இருந்ததால் கண்ணில் படாமல் ஒதுக்கிவிட்டேன்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லையம்மா. திருவிழா முடியட்டும். அதுவரை எதையும் தொடாதே.

அண்ணன்
லூர்து பிரகாஷ்


காரைக்குடி
13.2.2025

பிரகாஷ் அண்ணே,

நின்றுபோனவற்றை எண்ணச் சொன்னேன். 2,906. பயமாக இருந்தது. பிள்ளைக்கு வேலை கேட்டவர்கள், கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள், துபாயில் இறந்த தம்பியின் உடலைக் கொண்டுவர வழி கேட்டவர். வந்த நிமிடம்வரை குறித்து, ஓர் எழுத்து சிதையாமல் வைத்திருக்கிறது அந்த சர்வர்.

18.11.2014, காலை 10.12. அப்பா எழுதியது: "என் மனைவி வியாகுலம்மாள் மதுரையில் சிகிச்சையில் உள்ளார். ஓ நெகட்டிவ் ரத்தம் மூன்று யூனிட் தேவை. தயவுசெய்து உதவுங்கள்." கீழே போன் நம்பர். இருபதாம் தேதி அம்மா இறந்தார்.

கெட்ட எண்ணம் இல்லை என்கிறீர்கள். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அந்த ஒரு ஆளை மட்டும் நிறுத்தியிருப்பீர்கள். எங்கள் தெரு முழுக்க உங்களுக்கு ஒரே ஃபைல்.

அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"அப்ப இது ஊருக்குப் போகவே இல்லையா?"

"இல்லப்பா."

"இப்ப அனுப்ப முடியுமா?"

"எதுக்குப்பா இப்ப?"

"போகட்டும்டி. கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பாகன்னு எனக்குத் தெரியணும்."

நாளைக் காலை அனுப்புகிறேன். சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

ஆன் மேரி


தோஹா
13.2.2025

ஆன் மேரி,

அனுப்பாதே. காலில் விழுந்து கேட்கிறேன். என் பெயர் கெடுவது இருக்கட்டும். இப்போதும் யாரும் பதில் போடாவிட்டால் உன் அப்பா தாங்குவாரா? ஊரைப் பற்றி உன்னைவிட எனக்குத் தெரியும்.

பிரகாஷ்


காரைக்குடி
14.2.2025, மதியம்

லூர்து பிரகாஷ் அவர்களுக்கு,

காலை 9.40க்கு அப்பாவின் மடலை விட்டேன். ஒரு வரி கமாண்ட்தான்.

நான்காவது நிமிடத்தில் முதல் பதில் வந்தது. "எந்த ஆஸ்பத்திரி? எந்த வார்டு?" பழைய தேதி உள்ளே இருக்கிறதே என்று நான் அசட்டையாக இருந்துவிட்டேன். போன்களில் மேலே இன்றைய தேதி காட்டியிருக்கிறது. பினாங்கிலிருந்து ஒருவர் மதுரையில் இருக்கும் மகனை அனுப்புகிறேன் என்கிறார். மஸ்கட்காரர் மூன்று பேர் நம்பர் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்குள் 57 பதில். அத்தனையும் மேலத்தெரு. அம்மா இறந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் தெரு அடக்கத்துக்கு அவர்கள் வந்தால்தானே தெரியும்?

இத்தனை பேர். எழுந்து நின்று படித்தேன், உட்கார முடியவில்லை. இவர்கள் அந்த மூன்று நாளும் இருந்திருக்கிறார்கள்.

அப்பா அதே நம்பர்தான் வைத்திருக்கிறார். பதினொரு மணிக்கு அடித்தது.

"சூசைமரியானுங்களா? லிஸ்ட்ல ரத்தம் கேட்டிருந்தீகள்ல? நான் மேலத்தெரு இன்னாசிமுத்து மகன். ஓ நெகட்டிவ்தான். வண்டியில கோவிலூர் தாண்டிட்டேன். மதுரையில எங்குட்டு வரணும்?"

"வேணாம்ப்பா. திரும்பிப் போ."

"ஏன், கெடச்சிருச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். "கெடச்சிருச்சுப்பா. நல்லாருக்கா. நீ பாத்துப் போ" என்றார். போனை வைத்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "எல்லாருக்கும் அப்படியே எழுதிரு" என்றார்.

எனக்கு அந்த மனசு இல்லை. 214 குறிகளையும் எடுத்துவிட்டு, உள்ளதை எழுதினேன். அம்மா இறந்த தேதி, மடல் எங்கே நின்றது, யார் சொல்லி யார் நிறுத்தியது, எல்லாம். 1,163 பேருக்கும் போயிருக்கிறது.

உங்களுக்கும் வந்திருக்கும்.

சூ. ஆன் மேரி