முள் அசையவில்லை என்பதற்காக

வெக்ரவில்,
பிப்ரவரி 20

லரிசாவுக்கு,

என் ஸ்கேனை ரத்து செய்தது நீ. பனிப்புயல் அல்ல, ஆஸ்பத்திரிக்காரர்கள் அல்ல, நீ. தேதியை உறுதி செய்ய உன் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்குக் காது மந்தம் என்று அந்த எண்ணைக் கொடுத்தவன் நான்தான், நீயோ "அப்பா வரமாட்டாரு" என்று சொல்லி வைத்துவிட்டாய். பன்னிரண்டாம் தேதி பனியில் எட்மண்டன் வரை காரோட்டிப் போய் நின்ற பிறகு அங்கிருந்த பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி நலம் விசாரிக்கிறேன். நாங்கள் இருவரும் நலம், ஹாலிபாக்ஸின் ஈரக்காற்றில் உனக்கு இருமல் திரும்பவில்லை என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதி எனக்குக் கேட்காது, மீதியில் நீ அழுவாய், அதனால் எழுதுகிறேன்.

உன் அம்மா வெள்ளிதோறும் சர்ச் கூடத்தில் உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை மடிக்கப் போகிறாள், முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே முந்நூறு மடிக்கிறாள். புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போடும் ஹார்மோன் ஊசியால் எனக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது, பனியனோடு வாசல் கதவைத் திறந்துவைத்து நிற்கிறேன், "வீட்டைச் சூடாக்கறதா இல்ல மாகாணத்தையே சூடாக்கறதான்னு ஒரு முடிவுக்கு வாங்க" என்கிறாள். மாத்திரை தினமும் நாலு, தவறவிடவில்லை. ரத்தத்தில் நோயை அளக்கும் பி.எஸ்.ஏ. எண் பதினான்கு மாதமாக அசையவில்லை. டாக்டர் சொன்னதை நீ பாதிதான் கேட்டிருக்கிறாய். "எண் ஏறாம இருக்கறப்போ ஸ்கேன் கட்டாயம்னு சொல்லமாட்டேன், வேண்டாம்னும் சொல்லமாட்டேன், சில பேருக்கு எண் ஏறாமலே எலும்புல வளர்றது உண்டு, முடிவு உங்களோடது" என்றார். என்னோடது என்றார், உன்னோடது என்று சொல்லவில்லை.

ஏற்கெனவே பட்ட கதிர்வீச்சே போதும் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். முப்பத்தொரு வருடம் எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம் பிடித்தேன், கதிர்ப்பெட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே சாப்பிட்டேன், அப்போது என் மேல் பட்டதைப் பற்றி ஒருவனும் கவலைப்படவில்லை. ஒரு வருடம் மேலிருந்து உத்தரவு வந்தது, அழுத்தமானியில் முள் அசையாமல் நின்றால் போதும், பத்து இணைப்புக்கு ஒன்றைப் படம் பிடித்தால் போதும் என்று. உத்தரவு போட்டவன் எவனும் அந்தக் குழாய்ப் பக்கத்தில் நின்றதில்லை. நின்றவன் என் கூட்டாளி வெஸ் கார்டினலின் தம்பி ரேமண்ட். அன்று காலையும் முள் அசையவில்லை, அதை நானே பார்த்தேன். வெடித்து அவன் உயிரை எடுத்த இணைப்பு நாங்கள் படம் பிடிக்காத ஒன்பதில் ஒன்று. விசாரணையில் "அழுத்தம் சீராகத்தான் இருந்தது" என்று எழுதி மூடினார்கள். அந்த வாக்கியத்தைத்தான் "எண் ஏறலையே" என்று நீ இப்போது எனக்குச் சொல்கிறாய்.

உன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. படத்தில் ஒரு தூசி விழுந்ததற்காக நல்ல வெல்டிங்கை அறுத்துத் திரும்ப ஒட்டியிருக்கிறோம், திரும்ப ஒட்டியது பழையதைவிட மோசமாக வந்தது. புள்ளி தெரிந்தால் கத்தி வரும் என்று பயப்படுகிறாய். பார்ப்பது வேறு, அறுப்பது வேறு. பார்த்த பிறகு எதற்கு வேண்டுமானாலும் முடியாது என்று சொல்வேன், சொல்லத் தெரியாதவனா நான். போன முறை ஸ்கேனுக்கு முன் மூன்று வாரம் நான் வீட்டில் எப்படி நடந்துகொண்டேன் என்பதை நீ இங்கே தங்கியிருந்து பார்த்தாய், உன் தட்டை நான் தள்ளிவிட்டதும் நினைவிருக்கிறது. அது தப்பு. அதற்காக என் எலும்பை இருட்டில் வைக்க உனக்கு உரிமை இல்லை. வெஸ் கேட்டான், "ஊர்க் குழாய் எல்லாத்தையும் படம் பிடிச்சவனே, உன் இடுப்பைக் காட்ட உன் பொண்ணு வெக்கப்படறாளாடா?" சிரித்துவிட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு நானே கூப்பிட்டேன். மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டேன், மார்ச் பத்தொன்பது ஸ்கேன், இருபத்தாறு டாக்டர். உன் எண்ணை எடுத்துவிட்டு வெஸ்ஸின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே, காரின் பிரேக்கைப் பார்க்கச் சொல். நீயும் மார்க்கும் பல்லாண்டு சேர்ந்து வாழ ஆசீர்வதிக்கிறேன், கோபத்தில் சொல்லும் ஆசீர்வாதமும் பலிக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா ஓரெஸ்ட்

இருபத்தாறாம் தேதி டாக்டர் திரையில் படத்தைப் போடும்போது உன் அம்மா அறைக்குள் வரமாட்டாள், முதல் தடவையோடு சத்தியம் செய்துவிட்டாள். எனக்கு அவர் சொல்வதில் பாதி கேட்காது. நீ வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். வருவாயா மாட்டாயா, அதை மட்டும் எழுது.