ஏழு முறை படித்த நாவல்

மார்ச் 3, செவ்வாய்

படப்பிடிப்பு ஏழாம் நாள். காலையில் தளத்துக்கு ஒரு நிருபர் வந்திருந்தார். இந்த ரத்தக்காட்டேரி நாவலை வைத்து இதுவரை வந்த படங்களில் எத்தனை பார்த்திருப்பீர்கள் என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். அது சத்தியம். மௌனப் படத்திலிருந்து ஆரம்பித்து, காட்டேரி மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற படம் வரை ஒன்றையும் விட்டதில்லை. "நாவலைப் படிச்சிருக்கீங்களா?" என்றார். "ஏழு தடவை" என்றேன்.

ஒரு தடவைகூடப் படித்ததில்லை. ஏழு எங்கிருந்து வந்தது? போன வருடம் ஒரு சிறப்புக் காட்சிக்குப் பிறகு டைரக்டர் பொண்ணு – இந்தப் படத்தை எடுப்பது அதுதான் – என்னிடம் கேட்டபோது ஒரு தடவை என்றுதான் ஆரம்பித்தேன். டீ ஆறுவதற்குள் மூன்றாகிவிட்டது. ஏழில் நிறுத்திக்கொண்டேன் – எனக்கும் ஒரு மனக்கட்டுப்பாடு உண்டு. அந்தப் பொண்ணுக்கு முப்பத்திரண்டு வயது, முதல் படம், ஒன்பது வருடம் உதவி இயக்குநராக இருந்தது. "எல்லாரும் நாவலை மாத்திட்டாங்க சார். நாம மாத்தாம எடுப்போம். நீங்கதான் எழுதணும்" என்றது. பள்ளியில் சுருக்கப் பதிப்பு படித்ததோடு சரி, மற்றதற்கெல்லாம் என்னை நம்பியிருக்கிறது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசும். அதட்டினால் கணக்கு டீச்சர் மாதிரியே இருக்கும்.

ஏன் ஒத்துக்கொண்டேன்? பெயருக்காகத்தான். பதினெட்டு வருடமாக டப்பிங் வசனம் எழுதுகிறேன். வேற்றுமொழிக் காட்டேரி உதட்டை மூடுகிற இடத்தில் நம் மொழியில் ஒரு பானாவோ மானாவோ விழ வேண்டும். அதனால் என் காட்டேரிகள் எல்லாரும் "பாவம்", "மரணம்", "பெண்மணியே" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதில் எதிலும் என் பெயர் வந்ததில்லை. இந்தப் படத்தில் வரும். திரைக்கதை, வசனம் என்று முழுத் திரையில் தனியாக.

மார்ச் 5, வியாழன்

போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். "முதல் முறையாக – நாவலில் உள்ளபடியே!" நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன்.

மார்ச் 9, திங்கள்

காட்டேரியாக நடிப்பவனுக்கு நான் வைத்த பெயர் கோரைப்பல். நல்ல பையன். மேடை நாடகத்திலிருந்து வந்தவன், சிரத்தை அதிகம். அந்தச் சிரத்தைதான் எனக்கு எமனாக வந்திருக்கிறது. இன்று ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் தடியாக ஒரு புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். நாவல்!

"ஷார்" என்றான். ஒட்டுப் பல்லோடு அவனுக்கு அப்படித்தான் வரும். "எனக்கு மீஷை இருக்காமே? பெரிய வெள்ளை மீஷைன்னு போட்டிருக்கு."

பதினோரு நாள் படமெடுத்தாகிவிட்டது, மழுமழு முகத்தோடு. முப்பத்தொரு படத்தில் நான் பார்த்த வரையில் பெரும்பாலும் காட்டேரிக்கு மீசை இல்லையே! அடுத்த நொடி வாய் தானாகத் திறந்தது. "அது குறியீடு தம்பி" என்றேன்.

அவன் பென்சிலை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டான்.

மார்ச் 10, செவ்வாய்

அலமாரியின் மேல்தட்டிலிருந்து என் பிரதியை எடுத்தேன். வாங்கிப் பதினைந்து வருடம் இருக்கும். இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளம் வைத்திருக்கிறேன். மீசை வருவது இருபத்தாறாம் பக்கத்தில். நாலே நாலு பக்கம்! கதைதான் தெரியுமே என்று மூடி வைத்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் முப்பத்தொரு பேர் சொன்ன கதை.

மனைவியிடம் சொன்னேன். இவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சிரித்தாள். "நான் ஒரு நாளைக்கு நாப்பது பேர்கிட்ட ரத்தம் எடுக்கறேன். என்னை வெச்சு எவனும் படம் எடுக்கல." அப்புறம் சிரிப்பு நின்றது. "அந்தப் பொண்ணுக்கு முதல் படம்ங்க. சொல்லிடுங்க." நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 12, வியாழன்

சொல்லவில்லை.

கோரைப்பல் ஒரு நாளைக்கு இருபது பக்கம் போகிறான். இப்போது எண்பதில் இருக்கிறான். நான் அறுபதில் இருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டப் பந்தயம், அதுவும் திருட்டு ஓட்டம். கழிப்பறையில் உட்கார்ந்துகூடப் படிக்கிறேன். புரொடக்‌ஷன் மேனேஜர் கதவைத் தட்டி, "சார், உடம்புக்கு ஏதாவது...?" என்று கேட்டுவிட்டார்.

மத்தியானம் அவன் வந்து, "ஷார், என்னோட செத்துப்போன ஷம்ஷாரம் எந்தப் பக்கத்துல வருது?" என்றான். நான் எழுதிய திரைக்கதையில், நானூறு வருடத்துக்கு முன்னால் இறந்த மனைவிதான் கதாநாயகியாக மறுபிறவி எடுத்து வருகிறாள். அதை நினைத்துத்தான் காட்டேரி உருகுகிறது. எனக்கே கண் கலங்கிய இடம். "அவசரப்படாதீங்க, வரும்" என்றேன். கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்துவிட்டேன். வரவில்லை. எந்தப் படத்தில் பார்த்துத் தொலைத்தேனோ!

மார்ச் 15, ஞாயிறு

விடுமுறை. காலை ஆறிலிருந்து மாலை வரை நாற்காலியை விட்டு எழவில்லை. அவனை முந்திவிட்டேன்.

ஒரு விஷயம் யாருமே என்னிடம் சொன்னதில்லை. இந்த நாவல் முழுக்க நாட்குறிப்பு! கடிதம், தந்தி, டைரி – இவ்வளவுதான். ஆளாளுக்கு உட்கார்ந்து தேதி போட்டு எழுதுகிறார்கள். காட்டேரி ஒருவன்தான் டைரி எழுதுவதில்லை. முப்பதாண்டு காலமாக டைரி எழுதுகிற எனக்கு, டைரியாகவே எழுதப்பட்ட நாவல் அது என்று தெரியவில்லை. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. சந்தோஷமான சிரிப்பு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவனைப் பூண்டால் பிடித்தார்கள், சிலுவையால் பிடித்தார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதெல்லாம் துணைக்குத்தான். ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் மறைத்துக்கொண்டே இருக்கிறவரை அவன் ஜெயிக்கிறான். ஒரு பெண் எல்லாருடைய டைரியையும் வாங்கி, தேதி வரிசையில் தட்டச்சு செய்து, எல்லாரையும் எல்லாவற்றையும் படிக்க வைக்கிறாள். அப்புறம்தான் அவனுக்கு இறங்குமுகம்.

படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். காபி கொண்டுவந்த இவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

நாவலில் அவன் பட்டப்பகலில் நடமாடுகிறான். நடுத்தெருவில். தொப்பி போட்டுக்கொண்டு! பகலில் அவனுடைய சக்திகள் வேலை செய்யாது, அவ்வளவுதான். வெயிலில் எரிவதும் இல்லை, சாம்பலாவதும் இல்லை. அவன் கதை முடிவது சூரியன் மறைகிற நேரத்தில், கத்திக்குத்தில்.

என் திரைக்கதையில்? கிழக்குப் பார்த்த ஜன்னல் திறக்கிறது, விடிகிறது, காட்டேரி சாம்பலாகிறது.

அந்த ஜன்னல்தான் இப்போது மூன்றாம் படப்பிடிப்புத் தளத்தில் தயாராகிறது. இருபதடி உயரம். போய்ப் பார்த்தேன். ஆறு தச்சர்கள் சாரத்தில் நின்று கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தார்கள். ஆர்ட் டைரக்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதினதை அப்படியே கொண்டுவந்துட்டேன் சார், பாருங்க. மூணு வாரமா தூக்கமில்ல." பார்த்தேன். அவ்வளவு அழகு. எங்கேயாவது குழி இருந்தால் குதித்திருப்பேன்.

டைரக்டர் பொண்ணு பக்கத்தில் வந்து நின்றது. "இந்த ஒரு சீன் போதும் சார். நாவலைப் படிச்சவங்க எழுந்து நின்னு கை தட்டுவாங்க." நாவலைப் படித்தவர்கள் எழுந்து நிற்பார்கள் என்பது உண்மைதான். கல்லைத் தேடுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஜன்னல் காட்சி. கோரைப்பல் நூற்றறுபதில் இருக்கிறான். வெயில் வருவது இருநூறுக்கு அருகில்.

மார்ச் 18, புதன்

சொல்ல மூன்று முறை போனேன். முதல் முறை, "சார் சாப்பிட்டீங்களா?" என்றது. இரண்டாம் முறை, கேமராமேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை நான் "ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்து, "கேரவன்ல ஏ.சி. வேலை செய்யல" என்று முடித்தேன்.

என்ன மனுஷன்டா நீ? அந்தப் பொண்ணு ஒன்பது வருஷம் அடுத்தவங்களுக்குக் குடை பிடிச்சு, கிளாப் அடிச்சு, திட்டு வாங்கி இங்க வந்து நிக்குது. உனக்கு உன் பேரு பெருசா இருக்கணும், அவ்வளவுதானே? அதுக்கு அதோட பேரு நாறணுமா?

வாயால் சொல்ல வராது. பதினெட்டு வருடமாக அடுத்தவன் வாய்க்கே எழுதிப் பழகிவிட்டேன். நாளைக் காலை இந்த நோட்டை அப்படியே கொடுத்துவிடப் போகிறேன். கணக்கு டீச்சர், மூக்கு உறிஞ்சல் எல்லாம் இதில் இருக்கிறது. இருக்கட்டும். கிழித்தெடுத்தால் மறுபடி பொய்.

மார்ச் 19, வியாழன்

நோட்டு கைவிட்டுப் போய்விட்டதால் இவள் கொண்டுவந்த லேப் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கொடுத்தேன். "என்ன சார், புது வசனமா?" "இல்லம்மா. பழசு."

மார்ச் 20, வெள்ளி

படப்பிடிப்பு ரத்து. காரணம் சொல்லவில்லை. தொலைபேசி வரவில்லை. இவள் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறாள், துணிகளை மடித்ததையே மறுபடி மடிக்கிறாள்.

மார்ச் 21, சனி

டைரக்டர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். (இனிமேல் 'சொன்னார்'தான். 'பொண்ணு' வந்த இடமெல்லாம் நோட்டில் சிவப்புக் கோடு. மூக்கு உறிஞ்சல் பக்கத்தில் 'சைனஸ்' என்று எழுதியிருக்கிறார். கணக்கு டீச்சருக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு கோடு போட்டிருக்கிறார்.)

உட்காரச் சொல்லவில்லை. கண் வீங்கியிருந்தது.

"எல்லாரும் பொய் சொல்லித்தான் சார் என்னை வேலை வாங்கினாங்க. நீங்க மட்டும் அப்படியில்லன்னு நெனச்சேன். நீங்க சொன்னப்போ உங்க கண்ணுல அவ்வளவு ஆசை இருந்துச்சு."

"ஆசை உண்மைதாம்மா" என்றேன்.

"இருபது நாள் எடுத்ததை எடுக்காத மாதிரி நெனச்சுக்கணும். புரொடியூசர்கிட்ட நான்தான் போய் நின்னேன். உங்க பேரைச் சொல்லல, என் தப்புன்னு சொன்னேன். ஏன்னா என் தப்பும்தான். படமெடுக்கறவ நான், நானே படிச்சிருக்கணும்."

இதைவிட அவர் என்னை ஒரு அறை விட்டிருக்கலாம்.

"திரைக்கதையில உங்க பேரு வராது. புதுசா நான் எழுதறேன்." நோட்டை நீட்டினார். "ஆனா நீங்க போகக்கூடாது. தினமும் காலைல ஷூட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், மொத்த யூனிட்டுக்கும் நாவலை முதல் பக்கத்துலேர்ந்து சத்தமாப் படிங்க. ஏழு தடவை படிச்சேன்னீங்களே, எங்களுக்காக ஒரு தடவை படிங்க."

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். "தப்பிச்சீங்க" என்றாள். பேர் போச்சே என்றேன். "அதான் தப்பிச்சீங்கன்னு சொல்றேன்."

மார்ச் 30, திங்கள்

தினமும் காலை ஏழு மணிக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். முதல் நாள் பாதிப் பேர் தூங்கினார்கள். லைட்மேன் ஒருவர் குறட்டையே விட்டார். இன்று மீசைப் பக்கம். படித்ததும் எல்லாரும் திரும்பிக் கோரைப்பல்லைப் பார்த்தார்கள். அவன் எழுந்து வணக்கம் வைத்தான். இப்போதுதான் ஒட்டியிருக்கிறார்கள், பெரிதாக, வெள்ளையாக.

"அப்போ குறியீடு இல்லையா சார்?" என்று கேட்டான்.

"இல்லப்பா. மீசை."

ஆர்ட் டைரக்டர் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

கடைசி அத்தியாயம். ஒருவர்கூடத் தூங்கவில்லை. வண்டி துரத்தலில் சாயங்காலம் நெருங்க நெருங்க, தச்சர்கள் சுத்தியலைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள். முடித்ததும் குறட்டை லைட்மேன் கேட்டார்: "இதை ஏன் சார் இத்தனை நாளா யாரும் இப்படி எடுக்கல?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

செப்டம்பர் 11, வெள்ளி

படம் வெளியானது. இவளும் நானும் பகல் காட்சிக்குப் போனோம். நல்ல கூட்டம் என்று சொல்ல மாட்டேன். முக்கால் அரங்கு.

ஜன்னலை விடவில்லை டைரக்டர். இருபதடி ஜன்னல் திறக்கிறது, முழு வெயில் உள்ளே கொட்டுகிறது, அவன் அதில் நின்று தெருவைப் பார்த்தபடி மீசையைத் தடவுகிறான். முன்வரிசையில் ஒருவர், "என்னடா, எரியலையே!" என்றார். பக்கத்தில் இருந்தவர், "நாவல்ல அப்படித்தானாம்" என்று அதட்டினார். ஆர்ட் டைரக்டர் எங்கேயாவது உட்கார்ந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

திரைக்கதை, வசனம், இயக்கம் என்று ஆரம்பத்தில் முழுத் திரையில் வந்தது. அவர் பெயர் மட்டும். வலிக்கும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் வலித்தது.

முடிந்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். டைரக்டர் நேற்றே தொலைபேசியில், கடைசிவரை உட்காருங்கள் என்று சொல்லியிருந்தார். உட்கார்ந்தோம். விளக்கைப் போட்டுவிட்டார்கள். பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு எங்கள் வரிசைக்கு வந்து, கால்களைத் தூக்கச் சொன்னார். தூக்கிக்கொண்டு பார்த்தோம். தச்சர்கள், ஓட்டுநர்கள், ஜெனரேட்டர்காரர். அப்புறம் சின்ன எழுத்தில் 'நாவலை வாசித்தவர்' என்று ஒரு வரி, அதற்கு எதிரே என் பெயர். இரண்டு நொடி இருக்கும். மேலே போய்விட்டது.

இவள் என் கையைப் பிடித்தாள். "எழுத்துக் கூட்டறதுக்குள்ள போயிடுச்சுங்க."

"சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றேன். மூக்கு அடைத்துக்கொண்டது. எனக்கும் சைனஸ் போலிருக்கிறது.

வெளியே வந்து மாலைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள்.